கவிஞனின் நாவை விலைக்கு வாங்கிய கலீஃபா

 



முதலில் என் தவறு ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். சில மாதங்களுக்கு முன் ஒரு வியாழக்கிழமை இரவு. ஜும்ஆ பயானுக்குக் கிதாபுகளைப் புரட்டிக்கொண்டிருந்தேன். வாட்ஸ்அப்பில் ஒரு வீடியோ வந்தது. அதிகாரத்தில் இருக்கும் ஒருவர் மேடையில் பேசும்போது வார்த்தை வராமல் தடுக்கிய இடங்களை மட்டும் வெட்டி, ஒன்றன் பின் ஒன்றாக ஒட்டி, பின்னணியில் ஒரு சினிமாப் பாட்டையும் போட்டிருந்தார்கள். அந்த மனிதர் யார் என்று சொல்ல வேண்டியதில்லை. அவர் எடுத்த சில முடிவுகளால் ஏழைகள் பாதிக்கப்பட்டார்கள் என்பது என் கருத்து. அதனால் வீடியோவைப் பார்த்ததும் சிரிப்பு வந்தது. சிரித்ததோடு விட்டேனா? இல்லை. மூன்று பேருக்கு அனுப்பினேன். அதில் ஒருவர் நம் மஹல்லா குரூப்பிலேயே போட்டுவிட்டார்.

அதன் பிறகு நடந்ததைக் கடைசியில் சொல்கிறேன். அதற்கு முன் ஒரு கேள்வி. ஆட்சியில் இருப்பவரைக் கேலி செய்வது கூடுமா? "அநியாயம் செய்கிறவனைக் கேலிகூடச் செய்யக் கூடாதா ஹள்ரத்?" என்று இளைஞர்கள் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். "கூடாது" என்ற ஒற்றை வார்த்தையில் இதை முடித்துவிடவும் முடியாது. "கூடும்" என்று அவிழ்த்துவிடவும் முடியாது. நம்முடைய தீனில் இந்தக் கேள்விக்கு ஆயிரத்து நானூறு வருட வரலாறு இருக்கிறது.

அரபிகளிடம் ஹிஜா என்றொரு கவிதை வகை இருந்தது. நம் தமிழில் வசைக்கவி என்போமே, காளமேகப் புலவர் பெயரைக் கேட்டதும் நினைவுக்கு வருமே, கிட்டத்தட்ட அதுதான். ஆனால் அரபிகளிடம் அதற்கு இருந்த வேகம் வேறு. பத்திரிகையும் தொலைக்காட்சியும் இல்லாத காலம். ஒரு கவிஞன் ஒரு தலைவனைப் பற்றி இரண்டு அடி பாடிவிட்டால் அது ஒட்டகக் கூட்டத்தோடு பாலைவனம் முழுக்கப் போய்விடும். சந்தையில் பாடுவார்கள், கிணற்றடியில் பாடுவார்கள், பேரப்பிள்ளைகள் காலம் வரைக்கும் பாடுவார்கள். வாளால் பட்ட காயம் ஆறிவிடும், ஹிஜாவால் பட்டது ஆறாது என்பது அவர்கள் அனுபவம். கவிஞனுக்குப் பயந்து ஒட்டகம் கொடுத்து அனுப்பிவைத்த தலைவர்கள் உண்டு.

அந்தக் கவிஞர்களிலேயே மிகவும் பயப்படத்தக்க ஒருவர் இருந்தார். ஹுதைஆ என்பது அவருடைய பட்டப்பெயர். ஜர்வல் இப்னு அவ்ஸ் என்பது சொந்தப் பெயர். குள்ளமான உருவம், அதனால்தான் அந்தப் பட்டப்பெயரே வந்தது என்று எழுதுகிறார்கள். அவருடைய நாக்கிலிருந்து யாரும் தப்பவில்லை. பெற்ற தாயையும் விட்டுவைக்கவில்லை. வசைபாட ஆள் கிடைக்காத ஒரு நாளில் தண்ணீரில் தன் முகத்தைப் பார்த்துத் தன்னையே வசைபாடிக்கொண்டாராம்.

இவர் வாழ்வில் ஒரு சம்பவம். ஹள்ரத் உமர் (ரலி) அவர்களின் கிலாஃபத் காலம். பனூ தமீம் கோத்திரத்தில் ஸிப்ரிகான் இப்னு பத்ர் என்றொரு தலைவர், ஸஹாபி, ஜகாத் வசூலிக்கும் பொறுப்பில் இருந்தவர். அதாவது அரசு அதிகாரி. அவர் ஜகாத் பொருள்களோடு மதீனாவுக்கு வரும் வழியில் ஹுதைஆவைச் சந்திக்கிறார். பஞ்ச காலம். "என் வீட்டுக்குப் போய்த் தங்கு, உன்னைக் கவனித்துக்கொள்கிறேன்" என்று அனுப்பிவைக்கிறார். வீட்டிலோ கவனிப்பு சரியில்லை. ஸிப்ரிகானுக்கு உறவுமுறையில் போட்டியாளர்களாக ஒரு குடும்பம் இருந்தது. அன்ஃபுன் நாகா, அதாவது 'ஒட்டகத்தின் மூக்கு' என்று பெயர். அந்தப் பெயரைச் சொல்லவே அவர்கள் வெட்கப்படுவார்களாம். அவர்கள் ஹுதைஆவை அழைத்துக் கூடாரம் போட்டுக்கொடுத்து, ஒட்டகமும் துணிமணியும் வாரி வழங்கினார்கள். பதிலுக்கு அவர் என்ன செய்தார்? மூக்கையும் வாலையும் ஒப்பிட்டு அவர்களைப் புகழ்ந்து பாடினார். அன்றிலிருந்து அந்தப் பெயரே அவர்களுக்குப் பெருமையாகிவிட்டது. அதோடு நிற்காமல் ஸிப்ரிகானை வசைபாடினார்.

பாட்டில் கெட்ட வார்த்தை ஒன்றும் இல்லை. "பெரிய காரியங்களுக்கெல்லாம் நீ ஏன் சிரமப்படுகிறாய், உனக்குத்தான் சாப்பாடும் துணியும் கிடைக்கிறதே, வீட்டிலேயே இரு" என்கிற கருத்துதான். கேட்டால் அக்கறை போலத் தெரியும். ஒரு கோத்திரத் தலைவனைப் பார்த்து, அடுத்தவர் சோறு போட்டு வளர்க்கும் ஆள் நீ என்று சொல்வது எப்படிக் குத்தும் என்பது அரபிக்குத்தான் தெரியும். அரபியின் ஹிஜா வரலாற்றில் மிகக் கூர்மையான அடிகளில் ஒன்றாக இன்றும் அதைச் சொல்கிறார்கள்.

ஸிப்ரிகான் மதீனாவுக்கு வந்து கலீஃபாவிடம் முறையிட்டார். இப்போது கவனியுங்கள். புகார் கொடுப்பவர் ஓர் அதிகாரி. குற்றம் சாட்டப்பட்டவர் ஏழைக் கவிஞர். உமர் (ரலி) அவர்கள் உடனே ஆளைப் பிடித்துவர உத்தரவிடவில்லை. பாட்டைக் கேட்டார்கள். "இதில் வசை இருப்பதாக எனக்குத் தெரியவில்லையே, ஒரு மனத்தாங்கல் போலத்தானே இருக்கிறது" என்கிற கருத்தில் பேசினார்கள். உமர் (ரலி) அவர்களுக்குக் கவிதை தெரியாதா? நன்றாகத் தெரியும். சந்தேகத்தின் பலனைக் குற்றவாளிக்குக் கொடுக்கத்தான் அப்படிச் சொன்னார்கள் என்று அறிஞர்கள் விளக்கம் சொல்கிறார்கள். ஸிப்ரிகான் விடவில்லை. அப்போது கலீஃபா என்ன செய்தார்கள் தெரியுமா? தாமே தீர்ப்புச் சொல்லவில்லை. அந்தத் துறை தெரிந்த ஒருவரைக் கூப்பிட்டார்கள். ஹஸ்ஸான் இப்னு ஸாபித் (ரலி) வந்து பாட்டைக் கேட்டார்கள். இது வசைதான், வசையைவிடக் கேவலமானது என்ற பொருளில் சொல்லிவிட்டார்கள். அதன் பிறகுதான் ஹுதைஆ சிறை வைக்கப்பட்டார். ஒரு பள்ளத்தில் அடைக்கப்பட்டார் என்று எழுதியிருக்கிறார்கள்.

உள்ளேயிருந்து அவர் இன்னொரு பாட்டு அனுப்பினார். இந்த முறை வசை இல்லை. ஊரில் விட்டுவந்த தன் சின்னஞ்சிறு பிள்ளைகளைச் சிறகு முளைக்காத குஞ்சுகளோடு ஒப்பிட்டு, சம்பாதித்துப் போடுகிறவனைப் பள்ளத்தில் போட்டுவிட்டீர்களே என்று கலீஃபாவிடம் கேட்டார். உமர் (ரலி) அவர்கள் அழுதுவிட்டார்கள். அவரை வெளியே எடுத்தார்கள். இனி முஸ்லிம்களின் மானத்தில் கை வைக்காதே என்று வாக்குறுதி வாங்கினார்கள். "இதுதானே என் பிழைப்பு, பிள்ளைகள் பசியில் செத்துவிடுவார்களே" என்றார் அவர். உமர் (ரலி) அவர்கள் மூவாயிரம் திர்ஹம் கொடுத்து முஸ்லிம்களின் மானத்தை அவரிடமிருந்து விலைக்கு வாங்கினார்கள்.

எனக்கு இந்தச் சம்பவத்தில் மிகவும் பிடித்த இடம் அந்த மூவாயிரம் திர்ஹம்தான். அந்த மனிதர் ஏன் வசைபாடுகிறார் என்று ஓர் ஆட்சியாளர் யோசித்திருக்கிறார். பசிக்காகப் பாடுகிறான், பசியைத் தீர்த்தால் நாக்கு அடங்கும் என்று கணக்குப் போட்டிருக்கிறார். அடங்கியதா? உமர் (ரலி) அவர்கள் இருந்த வரை அடங்கியது, அவர்களுக்குப் பிறகு ஹுதைஆ பழையபடி ஆரம்பித்துவிட்டார் என்றுதான் வரலாறு சொல்கிறது. அது வேறு விஷயம்.

இன்னொன்றையும் விட்டுவிடாதீர்கள். ஹுதைஆவின் கோபம் சொந்தக் கோபமாக ஆரம்பித்திருக்கலாம். ஆனால் பாட்டு வந்தது எதிராளி கொடுத்த ஒட்டகத்திலிருந்து. இன்றைக்கும் உங்கள் போனுக்கு வரும் கேலியில் எத்தனை கூலிக்குச் செய்யப்பட்டவை? ஓர் அலுவலகத்தில் சம்பளத்துக்கு உட்கார்ந்து ஒருவர் தயாரிக்கிறார். நாம் இலவசமாகப் பரப்புகிறோம். ஹுதைஆவுக்காவது ஒட்டகம் கிடைத்தது.

சகோதரர்களே! அப்படியானால் கேலிக் கவிதையே கூடாதா என்று கேட்டால், அதே ஹஸ்ஸான் (ரலி) அவர்களுக்கு மஸ்ஜிதுன் நபவியில் மிம்பர் போட்டுக்கொடுத்தது யார்? பெருமானார் (ஸல்) அவர்கள். மக்காவின் தலைவர்கள் கையில் பணம், படை, அதிகாரம் எல்லாம் இருந்தன. கவிஞர்களையும் வைத்துக்கொண்டு முஸ்லிம்களைக் கேவலப்படுத்திப் பாடினார்கள். அதற்குப் பதில் சொல்ல ஹஸ்ஸான் (ரலி) முன்வந்தபோது நபி (ஸல்) அவர்கள் தடுக்கவில்லை. ஆனால் ஒரு கேள்வி கேட்டார்கள். குறைஷிகளின் வம்சத்தில்தானே நானும் இருக்கிறேன், என் வம்சத்தை என்ன செய்வாய் என்று. குழைத்த மாவிலிருந்து முடியை உருவுவதுபோலத் தங்களை அதிலிருந்து எடுத்துவிடுவேன் என்றார்கள் ஹஸ்ஸான் (ரலி). நபி (ஸல்) அவர்கள் அதோடும் விடவில்லை. அபூபக்ரிடம் போ, குறைஷிகளின் வம்சாவளியை நன்றாக அறிந்தவர் அவர்தான், அவரிடம் தெரிந்துகொண்டு பாடு என்று அனுப்பிவைத்தார்கள். முஸ்லிம் ஷரீஃபில் அன்னை ஆயிஷா (ரலி) அறிவிக்கும் ஹதீஸில் இந்த விவரம் இருக்கிறது.

எவ்வளவு பெரிய பாடம் இது! போர்க்காலம், எதிரி கொடியவன். அப்போதும் பாடுவதற்கு முன் படித்துவிட்டு வா என்கிறார்கள். யார் மேல் பட வேண்டுமோ அவர் மேல் மட்டும் படட்டும், பக்கத்தில் நிற்பவர் மேல் ஒரு சொட்டுக்கூடத் தெறிக்கக் கூடாது என்கிறார்கள். மாவிலிருந்து முடியை எடுக்கும்போது முடியில் மாவு ஒட்டாது. நம்முடைய கேலியை எடுத்துப் பாருங்கள். ஒரு தலைவர் மேல் கோபம் என்றால் அவருடைய சாதியைச் சொல்லித் திட்டுகிறோம். அவருடைய மதத்தை இழுக்கிறோம். அவருடைய மனைவி, மகள், செத்துப்போன தாய் வரைக்கும் போகிறோம். ஒருவனோடு வசைபாடப் போய் அவனுடைய கோத்திரம் முழுவதையும் வசைபாடுகிறவனை, மனிதர்களிலேயே மிகப் பெரிய அவதூறுக்காரன் என்று எச்சரிக்கும் ஒரு ஹதீஸ் இப்னு மாஜாவில் இருக்கிறது. இன்றைய அரசியல் கேலியில் பெரும்பகுதி இந்த ஒரு ஹதீஸிலேயே அடிபட்டுப் போய்விடும்.

அஷ்ஷுஅரா அத்தியாயத்தின் கடைசி வசனங்களைத் திறந்து பாருங்கள். 'கவிஞர்கள்' என்பதே அந்த சூராவின் பெயர். பள்ளத்தாக்குகளில் அலைபவர்கள், செய்யாததைச் சொல்பவர்கள் என்று கவிஞர்களை அல்லாஹ் கண்டித்துவிட்டு, அதோடு நிறுத்தவில்லை. ஈமான் கொண்டு, நல்லமல் செய்து, அல்லாஹ்வை அதிகம் நினைத்து, அநீதி செய்யப்பட்ட பிறகு தற்காத்துக்கொண்டவர்களுக்கு விலக்களிக்கிறான். அந்நிஸா அத்தியாயத்தின் 148வது வசனமும் அப்படித்தான். கெட்ட சொல்லை உரக்கச் சொல்வதை அல்லாஹ் விரும்புவதில்லை, அநீதி இழைக்கப்பட்டவரைத் தவிர. இரண்டு இடத்திலும் கதவு ஒன்றுதான். அதில் நுழையும் உரிமை பாதிக்கப்பட்டவனுக்கு. பொழுதுபோகாமல் சோபாவில் சாய்ந்து கிடப்பவனுக்கு அந்தக் கதவு திறக்கப்படவில்லை.

சரி, எதைக் கேலி செய்யலாம்? நபி இப்ராஹீம் (அலை) அவர்கள் சிலைகளை உடைத்துவிட்டுப் பெரிய சிலையை மட்டும் விட்டுவைத்தார்கள். யார் செய்தது என்று கேட்டபோது, இதோ பெரியவர் நிற்கிறாரே, பேசுமென்றால் அவரிடமே கேளுங்கள் என்றார்கள். இது கிண்டல் இல்லாமல் வேறென்ன? ஆனால் அந்தக் கிண்டல் யாருடைய மூக்கையும் நிறத்தையும் பற்றியது அல்ல. ஒரு பொய்யான வாதத்தைப் பற்றியது. அதன் விளைவைக் குர்ஆன் சொல்கிறது. கேட்டவர்கள் ஒரு கணம் தங்கள் பக்கமே திரும்பி, நாம்தான் அநியாயக்காரர்கள் என்று ஒப்புக்கொண்டார்கள். பிறகு தலைகீழாக மாறினார்கள் என்பது உண்மைதான். ஆனால் அந்த ஒரு கணம் யோசித்தார்களே! நாம் அனுப்பும் கேலியைப் பார்த்து எதிர்த் தரப்பில் யாராவது ஒரு நிமிடம் யோசித்ததுண்டா? அவர்கள் பதிலுக்கு ஒன்று தயாரித்து அனுப்புகிறார்கள், அவ்வளவுதான்.

இப்போது இதற்கு நேர் எதிரான காட்சி. குர்ஆனில் ஒருவருடைய பேச்சுத் தடங்கலைச் சொல்லிக் கேலி செய்தவன் யார்? ஃபிர்அவ்ன். நபி மூஸா (அலை) அவர்களுக்கு நாவில் முடிச்சு இருந்தது. அதை அவிழ்த்துவிடும்படி அல்லாஹ்விடம் துஆ கேட்டார்கள். அஸ்ஸுக்ருஃப் அத்தியாயத்தில் பாருங்கள். எகிப்தின் ஆட்சி என்னுடையது, இந்த ஆறுகள் என் கீழ் ஓடுகின்றன என்று பெருமையடித்துவிட்டு, தெளிவாகப் பேசக்கூடத் தெரியாத இந்த அற்பனைவிட நான் மேலானவன் இல்லையா என்று ஜனங்களிடம் கேட்டான். ஜனங்கள் சிரித்திருப்பார்கள். இரண்டு வசனம் தள்ளி அல்லாஹ் சொல்வது இன்னும் ஆழமானது. அவன் தன் சமூகத்தாரை இலேசாக்கிவிட்டான், அவர்களும் அவனுக்குக் கட்டுப்பட்டார்கள்.

கேலி என்பது பலவீனமானவனின் ஆயுதம் என்று சொல்கிறார்கள். பாதிதான் உண்மை. அதிகாரத்தின் ஆயுதமும் அதுதான். ஒலிபெருக்கி யார் கையில் இருக்கிறதோ அவர் மேடையில் நின்று ஓர் எளியவனைப் பற்றி ஒரு நகைச்சுவை சொல்கிறார், கூட்டம் கைதட்டுகிறது, அந்தக் கைதட்டலிலேயே கூட்டத்தின் மனசு இலேசாகிப்போகிறது. நாளைக்கு அந்த எளியவனின் வீட்டை இடித்தாலும் யாருக்கும் வலிக்காது. இதே ஃபிர்அவ்னிடம் மூஸாவையும் ஹாரூனையும் அனுப்பியபோது மென்மையான சொல்லால் பேசுங்கள் என்று அல்லாஹ் கட்டளையிட்டான். தாஹா சூராவில் இருக்கிறது. மென்மை என்றால் உண்மையை மறைப்பது அல்ல. எங்களோடு இஸ்ரவேலர்களை அனுப்பிவிடு, அவர்களை வதைக்காதே என்று முகத்துக்கு நேரே சொன்னார்கள்.

இந்த இடத்தில் இளைஞர்களுக்கு ஒரு சந்தேகம் வரும். "அப்படியானால் கொடுங்கோலன் நிம்மதியாக இருப்பானே?" இருக்க மாட்டான். ஹஜ்ஜாஜ் இப்னு யூஸுஃபை எடுத்துக்கொள்ளுங்கள். கஅபாவை மின்ஜனீக் வைத்துத் தாக்கியவன். அப்துல்லாஹ் இப்னு ஸுபைர் (ரலி) அவர்களின் கொலைக்குக் காரணமானவன். ஸயீத் இப்னு ஜுபைர் (ரஹ்) அவர்களைக் கொன்றவன். அவனை ஒரு கவிஞர் பாடினார். என்னிடம் மட்டும் சிங்கம், போர்க்களத்தில் தீக்கோழி என்கிற கருத்து. கஸாலா என்ற ஒரு பெண் போராளி கூஃபாவுக்குள் புகுந்தபோது ஹஜ்ஜாஜ் கோட்டைக் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளேயே இருந்த நிகழ்ச்சியைக் குத்திக்காட்டிய பாட்டு அது. அரபு உலகில் இன்று வரைக்கும் அது வாழ்கிறது. அவனுடைய பதவியில் அவன் செய்த காரியத்தைப் பற்றியது, நடந்த ஒன்றைப் பற்றியது. இட்டுக்கட்டியது அல்ல.

ஆனால் பாடியது யார்? இம்ரான் இப்னு ஹித்தான். காரிஜிய்யாக்களின் கவிஞர். ஹள்ரத் அலி (ரலி) அவர்களைக் கொன்ற இப்னு முல்ஜமைப் புகழ்ந்து பாடியதும் இதே நாக்குத்தான். கொடுங்கோலனைச் சரியாகக் குத்திக்காட்டினார் என்பதற்காக அவர் நல்லவராகிவிடவில்லை. நம்மைச் சிரிக்க வைப்பவரெல்லாம் நம் வழிகாட்டி அல்ல.

இமாம் இப்னு ஸீரீன் (ரஹ்) அவர்களிடம் ஒருவர் வந்து ஹஜ்ஜாஜைத் தாறுமாறாகப் பேசினார். கேட்டவர்கள் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும், அவ்வளவு கொடுமை செய்தவன் அல்லவா? இப்னு ஸீரீன் சொன்ன பதிலைக் கவனியுங்கள். அல்லாஹ் நீதிமிக்க தீர்ப்பாளன். ஹஜ்ஜாஜ் அநியாயம் செய்தவர்களுக்காக ஹஜ்ஜாஜிடமிருந்து அல்லாஹ் வாங்குவான், ஹஜ்ஜாஜைப் புறம் பேசியவர்களிடமிருந்து ஹஜ்ஜாஜுக்காகவும் வாங்குவான். நாளை அல்லாஹ்வைச் சந்திக்கும்போது, ஹஜ்ஜாஜ் செய்த பெரிய பாவத்தைவிட நீ செய்த சின்னப் பாவம்தான் உனக்குக் கடினமாக இருக்கும். இந்தக் கருத்தில் சொன்னார்கள். இமாம் கஸ்ஸாலி (ரஹ்) இஹ்யாவில் இதை எடுத்து எழுதுகிறார்கள்.

முதன்முதலில் இதைப் படித்தபோது எனக்குக் கொஞ்சம் கோபம்கூட வந்தது. ஹஜ்ஜாஜுக்கா ஹக்கு? அவனுக்காக என் நன்மையை எடுப்பார்களா? பிறகு யோசித்தேன். ஹஜ்ஜாஜுக்கும் ஹக்கு உண்டு என்றால்தான் அது நீதி. அவனுக்கு இல்லை என்று நான் முடிவு செய்துவிட்டால், யாருக்கு ஹக்கு உண்டு, யாருக்கு இல்லை என்று தீர்மானிப்பவன் நானாகிவிடுகிறேன். ஹஜ்ஜாஜும் அப்படித்தானே நினைத்தான்?

இதற்காக இப்னு ஸீரீன் காலத்து உலமாக்கள் வாயை மூடிக்கொண்டிருந்தார்களா? இல்லவே இல்லை. ஸயீத் இப்னு ஜுபைர் முகத்துக்கு நேரே பேசித்தான் உயிரைக் கொடுத்தார்கள். ஹஸன் பஸரீ (ரஹ்) அவர்கள் ஹஜ்ஜாஜ் இறந்த செய்தி வந்ததும், யா அல்லாஹ், அவனை மரணிக்கச் செய்தாய், அவன் ஏற்படுத்திய வழக்கங்களையும் மரணிக்கச் செய் என்று கேட்டார்கள். அவர்கள் பகை அந்த வழக்கங்களோடு. அநீதியை முறையிட, தீமையைத் தடுக்க உதவி கேட்க, மக்களை எச்சரிக்க, ஒருவருடைய குறையை அவர் இல்லாத இடத்தில் சொல்வதற்கு மார்க்கத்தில் அனுமதி உண்டு. இமாம் நவவீ (ரஹ்) ரியாளுஸ் ஸாலிஹீனில் இப்படி ஆறு காரணங்களை எழுதுகிறார்கள். சிரிக்க வைப்பது அந்த ஆறில் இல்லை. அநியாய ஆட்சியாளன் முன் சத்தியத்தைச் சொல்வது சிறந்த ஜிஹாத் என்ற ஹதீஸும் நமக்குத் தெரியும். 'முன்' என்ற வார்த்தையை நாம் கவனிப்பதில்லை. முதுகுக்குப் பின்னால், போலிப் பெயரில் கணக்குத் தொடங்கி எழுதுவதற்கு அந்த அந்தஸ்து கிடைக்காது.

நம் தெருவையே எடுத்துக்கொள்வோமே. சாக்கடை நிரம்பித் தொழுகைக்கு வரும் பாதையில் வழிந்தோடியது. மூன்று மாதம். அதற்குப் பொறுப்பானவரைப் பற்றி வந்த மீம்களை நான் எண்ணவில்லை, நூறாவது இருக்கும். சில நன்றாகவே இருந்தன, மறுக்கவில்லை. ஆனால் திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளில் கலெக்டர் ஆபீஸுக்குப் போய் மனு கொடுத்தவர்கள் எத்தனை பேர்? நான்கு பெரியவர்கள். அதில் இருவருக்கு ஸ்மார்ட்போன் கிடையாது. சிரித்து முடித்ததும் கோபம் தீர்ந்துவிடுகிறது. கோபம் தீர்ந்தவன் வரிசையில் நிற்கப் போவதில்லை. புத்திசாலியான அதிகாரிக்கு இது தெரியும். சிரித்துவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிடுவார்.

ஆட்சியில் இருப்பவர்களுக்கும் இதில் பாடம் இருக்கிறது. மஹல்லா முத்தவல்லியும், நிர்வாகியும், கத்தீபும் சிறிய அளவில் அதிகாரத்தில் இருப்பவர்கள்தான். (என் பயானின் நீளத்தைப் பற்றி ஒரு ஜோக் உலவுகிறது. நானும் கேட்டிருக்கிறேன். உண்மை கலந்த ஜோக் என்பதால் சும்மா இருக்கிறேன்.) பஷ்ஷார் இப்னு புர்த் என்ற கண்பார்வையற்ற கவிஞர் கலீஃபா மஹ்தியை வசைபாடினார் என்று சாட்டையால் அடித்தே கொன்றார்கள். அதே வம்சத்தில் வந்த மஃமூனை திஃபில் என்ற கவிஞர், உன்னைத் தூக்கிவிட்டதே எங்கள் ஆள்கள்தான் என்று பாடினார். மஃமூன், கிலாஃபத்தின் மடியிலேயே பிறந்து வளர்ந்த என்னைப் பார்த்தா இப்படிச் சொல்கிறான், என்ன வெட்கமில்லாதவன் என்று சொல்லி விட்டுவிட்டார். யாருடைய ஆட்சி இதனால் ஆட்டம் கண்டது?

அலி (ரலி) அவர்கள் கூஃபா பள்ளியில் குத்பா ஓதிக்கொண்டிருக்கும்போதே காரிஜிய்யாக்கள் எழுந்து கோஷம் போட்டுக் குறுக்கிட்டார்கள். இன்றைக்கு ஒரு தலைவரின் கூட்டத்தில் கறுப்புக் கொடி காட்டிவிட்டு வீடு போய்ச் சேர முடியுமா? அலி (ரலி) அவர்கள் சொன்னது இதுதான்: பள்ளிவாசலுக்கு வர உங்களைத் தடுக்க மாட்டோம், எங்களோடு இருக்கும் வரை பைத்துல் மாலில் உங்கள் பங்கை நிறுத்த மாட்டோம், நீங்கள் ஆரம்பிக்காத வரை உங்களோடு சண்டையிட மாட்டோம். உமர் (ரலி) அவர்களிடம் ஒருவர், உமரே, அல்லாஹ்வைப் பயந்துகொள்ளுங்கள் என்று திரும்பத் திரும்பச் சொன்னார். பக்கத்திலிருந்தவர் அவரை அடக்கப் பார்த்தார். விடுங்கள், இதைச் சொல்லாவிட்டால் இவர்களிடம் நன்மை இல்லை, ஏற்காவிட்டால் நம்மிடம் நன்மை இல்லை என்று உமர் (ரலி) அவர்கள் அவரைப் பேசவிட்டார்கள். பெருமானாரின் பெரிய தந்தை மகன் அபூ சுஃப்யான் இப்னு ஹாரிஸ் வருடக்கணக்காக நபியை வசைபாடியவர். ஹஸ்ஸான் (ரலி) பதில் பாடியதே முக்கியமாக அவருக்குத்தான். மக்கா வெற்றியை ஒட்டி வந்து இஸ்லாத்தை ஏற்றபோது மன்னிக்கப்பட்டார். ஹுனைன் போரில் பலர் சிதறி ஓடியபோது நபியவர்களின் வாகனத்தோடு ஒட்டி நின்ற சிலரில் அவரும் ஒருவர்.

இப்போது அந்த வீடியோவுக்கு வருகிறேன்.

அது மஹல்லா குரூப்பில் வந்தது வியாழக்கிழமை இரவு. சனிக்கிழமை காலை மக்தபில் பிள்ளைகள் ஸபக் ஓதிக்கொண்டிருந்தார்கள். ஒன்பது வயதுப் பையன் ஒருவன் இருக்கிறான். பேர் சொல்ல மாட்டேன். அவனுக்குப் பேச்சு திக்கும். ஆனால் குர்ஆன் ஓதும்போது மட்டும் ஓரளவு சரளமாக வரும், அல்லாஹ்வின் கிருபை. அன்றைக்கு அவன் முறை வந்தபோது ஓர் எழுத்தில் நின்றுவிட்டான். பின்வரிசையிலிருந்து ஒரு பையன் அந்தத் தலைவர் தடுக்கியதைப் போலவே குரலை மாற்றிப் பேசிக் காட்டினான். பின்னணிப் பாட்டையும் பாடினான். மக்தபே சிரித்தது. நான் பிரம்பைத் தூக்கினேன். "எங்கே பார்த்தே இதை?" என்றேன். "அத்தா போன்ல ஹள்ரத். நீங்க அனுப்பினதுன்னு அத்தா சொன்னாங்க" என்றான்.

பிரம்பைக் கீழே வைத்துவிட்டேன்.

திக்கும் பையன் அன்றைக்கு மேற்கொண்டு ஓதவில்லை. அடுத்த வாரமும் மக்தபுக்கு வரவில்லை. வீட்டுக்குப் போய் அவனிடமும் அவன் அத்தாவிடமும் மன்னிப்புக் கேட்டேன். மூஸா நபிக்கும் இப்படித்தான் இருந்தது என்று அவனிடம் சொன்னேன். அவன், "அவங்களையும் சிரிச்சாங்களா ஹள்ரத்?" என்று கேட்டான். ஆமாம் என்றேன். "யாரு?" என்றான்.

இப்போது வருகிறான், அல்ஹம்து லில்லாஹ். பின்வரிசைப் பையன் பக்கத்தில் உட்கார மாட்டேன் என்கிறான், என் பக்கத்தில் உட்கார்ந்து ஓதுகிறான். அந்த வீடியோவை அனுப்பிய மூவருக்கும் எழுதி அழிக்கச் சொன்னேன். இருவர் அழித்தார்கள். மூன்றாமவர் நூறு பேருக்கு மேல் அனுப்பிவிட்டதாகச் சொன்னார். அது இப்போது எந்த ஊர் மக்தபில் எந்தப் பிள்ளையின் காதில் விழுந்துகொண்டிருக்கிறதோ, அல்லாஹ்வே அறிவான்.

யா அல்லாஹ், எங்கள் நாவுகளையும் விரல்களையும் நீ பாதுகாப்பாயாக. ஆமீன்.